தபாலில் போகும் மரம்

தொட்டியில் வளர்ந்த மரக்கன்றை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடிப் பார்சலில் அனுப்பினால், அது மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை இருட்டில் கிடக்கிறது. வெயில் இல்லை, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, காற்று மாற வழியும் குறைவு. ஆனாலும் அதன் உயிர்வேலைகள் நிற்பதில்லை. இலை நீரை இழக்கிறது. வேர் ஆக்சிஜனைக் கேட்கிறது. தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பெட்டி சாய்ந்து கிடந்தால் நுனிக்குருத்து மேல்திசை எது என்று உணர்ந்து வளையத் தொடங்குகிறது. புத்தகத்தைக் கட்டி அனுப்புகிறவர் அது நனையாமலும் நசுங்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். மரத்தைக் கட்டுகிறவர் அதோடு, உள்ளே நடக்கும் இந்த வேலைகளின் வேகத்தையும் குறைத்துவைக்க வேண்டும். வேகம் குறையக் குறைய மரத்தின் கையிருப்பு கூடுதல் நாளுக்கு வரும்.

கப்பல் காலம்

மரத்தை வேரோடு எடுத்துக்கொண்டு தொலைதூரம் போவது மிகப் பழைய முயற்சி. எகிப்தை ஆண்ட ஹாட்செப்சுட் அரசி கி.மு. 15ஆம் நூற்றாண்டில் புன்ட் நாட்டுக்கு அனுப்பிய கப்பல்கள், நறுமணப் பிசின் தரும் மரங்களைக் கூடைகளில் வேரும் மண்ணுமாக வைத்துக் கொண்டுவந்தன. தெயிர் எல்-பஹாரி கோயில் சுவரில், அந்தக் கூடைகளைக் கம்பில் தொங்கவிட்டு ஆட்கள் சுமந்து செல்லும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

பாய்மரக் கப்பல்கள் கண்டம் விட்டுக் கண்டம் செடிகளைச் சுமக்கத் தொடங்கியபோது இழப்பு பயங்கரமாக இருந்தது. மேல்தளத்தில் வைத்தால் உப்புநீர்த் தூறல் இலையைக் கருக்கியது. கீழ்த்தளத்தில் வைத்தால் மாதக்கணக்கில் இருட்டு. குடிநீர் மாலுமிகளுக்கே அளந்து கொடுக்கப்பட்டதால் செடிக்கு ஊற்றக் கிடைப்பதில்லை. சீனக் கடற்கரையில் உள்ள மக்காவுவில் இருந்த மருத்துவர் ஜான் லிவிங்ஸ்டன் 1819இல் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் செடிகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் உயிரோடு போய்ச்சேருகிறது என்று மதிப்பிட்டார்.

இந்த நிலையை மாற்றியவர் லண்டனின் கிழக்குப் பகுதியில் மருத்துவராக இருந்த நத்தானியேல் பேக்‌ஷா வார்டு. அவருக்குச் செடி வளர்ப்பதில் தீராத ஆசை. ஆனால் நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்தப் பகுதியில் அவருடைய பெரணிகள் பிழைக்கவில்லை. 1829இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணில் புதைத்து, மூடியிட்ட கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தார். பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியில் படிந்து, மாலையில் நீராக இறங்கி மறுபடியும் மண்ணையே நனைத்தது. சில நாளில் அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. தண்ணீரே ஊற்றாமல் அவை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. அவர் ஊரில் இல்லாத சமயத்தில் மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கிய பிறகுதான் அவை அழுகின. குறைந்த நீரில் நான்கு ஆண்டு இருந்த செடி மிகுந்த நீரில் செத்தது என்பது செடியைக் கட்டி அனுப்பும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

1833இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணிகளையும் புற்களையும் நட்டு, கேப்டன் சார்லஸ் மல்லார்டின் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். பெரும்பாலானவை பசுமையாகப் போய்ச்சேர்ந்தன. 1834 பிப்ரவரியில் அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் நடப்பட்டுக் கப்பல் திரும்பியது. தென் அமெரிக்காவின் தென்முனையில் தளத்தின்மேல் பனி மூடி வெப்பம் உறைநிலைக்குக் கீழே 7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது 49 டிகிரிவரை ஏறியது. எட்டு மாதப் பயணத்துக்குப் பிறகும் செடிகள் உயிரோடு இருந்தன. முன்பு இருபதில் பத்தொன்பது செத்துக்கொண்டிருந்தன, இந்தப் பெட்டி வந்தபின் இருபதில் பத்தொன்பது பிழைக்கின்றன என்றார் லண்டனின் பெரிய நாற்றுப்பண்ணை உரிமையாளர் ஜார்ஜ் லாடிஜஸ்.

பிறகு பல நாடுகளின் பொருளாதாரத்தையே இந்தப் பெட்டிகள் மாற்றின. தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீனாவிலிருந்து தேயிலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இவற்றில்தான். காய்ந்த தேயிலை விதை வழியிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால், மல்பெரிக் கன்றுகள் நட்ட பெட்டியின் மண்ணிலேயே விதைகளைத் தூவி அனுப்பினார். கல்கத்தாவில் பெட்டியைத் திறந்தபோது அவை முளைத்திருந்தன. பிரேசிலிலிருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த ரப்பர் விதைகளில் முளைத்த சுமார் 1,900 கன்றுகள் அதே ஆண்டில் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் போயின, பெரும்பாலானவை பிழைத்தன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அவை வித்தாயின.

பெட்டி நன்றாக இருந்தாலும் வழி கெட்டால் மரம் பிழைக்காது என்பதற்கு நீலகிரியே சாட்சி. மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் பொறுப்பு கிளெமென்ட்ஸ் மார்க்கமுக்குத் தரப்பட்டது. 1860இல் அவர் பெருவின் மலைக்காடுகளில் திரட்டிய கன்றுகள் பனாமா வழியாக இங்கிலாந்துக்கும், அங்கிருந்து எகிப்து, செங்கடல் வழியாக பம்பாய்க்கும் வந்தன. குளிர்ந்த மலைச்சரிவில் பிறந்த கன்றுகள் செங்கடலின் வெப்பத்தில் வெந்தன. ஊட்டித் தோட்டத்தின் பொறுப்பாளர் வில்லியம் மெக்கைவரின் கையில் ஒப்படைக்கப்பட்டும் அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸும் ராபர்ட் கிராஸும் வளர்த்தெடுத்த சிவப்புப்பட்டைச் சிங்கோனாக் கன்றுகள் நானூற்றுக்கும் மேல் 1861இல் கிராஸின் நேரடிக் காவலில் ஊட்டிக்கு வந்தன. நீலகிரியின் சிங்கோனாத் தோட்டங்கள் அவற்றிலிருந்து பெருகியவை. இரண்டு பயணங்களிலும் பெட்டி ஒரே வகைதான். பட்ட வெப்பமும் உடன்வந்த கையும் வேறு.

பெட்டிக்குள் நீர்

வார்டின் குடுவைக்கும் இன்றைய அட்டைப்பெட்டிக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், அட்டை விடாது. வெளிச்சம் இல்லாதபோது இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. பகல் வெயிலில் இலை இழக்கும் நீரில் பெரும்பங்கு இந்தத் துளைகள் வழியாகத்தான் போகிறது. அவை மூடியபின் மிஞ்சுவது இலையின் மெழுகுத்தோல் வழியாகக் கசியும் சிறு அளவு மட்டுமே. ஆகவே இருட்டு ஒருவகையில் மரத்துக்கு உதவுகிறது.

எவ்வளவு நீர் தேவைப்படும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம் உள்ள பெட்டியின் கொள்ளளவு 67.5 லிட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அந்தக் கணக்கில் இந்தப் பெட்டியிலுள்ள காற்று முழுதும் ஈரத்தில் நிறைவடைய 2 கிராம் நீர் போதும். அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. காற்று நிறைவடைந்தபின் இலையிலிருந்து நீர் வெளியேற இடமே இல்லை. அட்டை கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் கசியும்; அவற்றை ஈடுசெய்யவும் தொட்டியிலுள்ள ஈரம் தாராளமாகப் போதும். மூன்று லிட்டர் தொட்டியில் நனைந்த தென்னைநார்க் கலவை ஒரு லிட்டருக்கு மேல் நீரைப் பிடித்துவைத்திருக்கும்.

அதே பெட்டி இரவில் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அந்தக் காற்றால் சுமார் 1.2 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். மீதி 0.8 கிராமும் இலைகளின்மேலும் பெட்டிச் சுவரிலும் வியர்த்து நிற்கும். அளவு சிறிது, விளைவு பெரிது. இலைமேல் நீர்ப்படலம் சில மணி நேரம் நின்றாலே பொட்ரைட்டிஸ் போன்ற சாம்பல் பூஞ்சணத்தின் வித்துகள் முளைத்துவிடும். இலைக்குமேல் பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டினால் இந்த வியர்வை போக வழியில்லாமல் தளிர் அழுகும். தொட்டியைப் பிளாஸ்டிக்கில் கட்ட வேண்டும், இலைத்தொகுதியைத் தாளில் சுற்ற வேண்டும் என்று அனுபவமுள்ள நர்சரிக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

வேரின் கதை இன்னும் கடுமையானது. வேர் உயிரோடிருக்க ஆக்சிஜன் வேண்டும். அது மண்ணிலுள்ள காற்றுத் துளைகள் வழியாகப் பரவி வருகிறது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வழியில் வாடக்கூடாதே என்று பரிவோடு அனுப்புவதற்குச் சற்று முன்பு தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினால், மண்ணின் துளைகள் அனைத்தும் அடைபட்டு வேர் மூச்சுத்திணறும். வெப்பமும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் வேர்நுனிகள் கறுத்து, பெட்டியைத் திறக்கும்போது புளித்த வாடை அடிக்கும். அப்போது இலை வாடியிருப்பதைப் பார்த்து வாங்கியவர் மேலும் தண்ணீர் ஊற்றுகிறார். மரத்தின் கதை முடிந்துவிடுகிறது. முந்தின நாள் மாலை நன்றாக நனைத்து, இரவு முழுக்க வடியவிட்டு, மறுநாள் கட்டுவதே சரி. மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தால் ஈரம் தெரிய வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது.

இருட்டு, வெப்பம், ஒரு வாயு

ஒளிச்சேர்க்கை நின்றபின் மரம் சேமிப்பைத் தின்று வாழ்கிறது. சேமிப்பு எத்தனை நாளுக்கு வரும் என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். 15 டிகிரியில் ஆறு நாள் செலவழியும் சர்க்கரை 35 டிகிரியில் ஒன்றரை நாளில் செலவழிந்துவிடும். தண்டு முற்றிய மரத்துக்கு இருப்பு அதிகம். அது பட்டினியால் சாவது அபூர்வம். முளைத்து சில வாரமே ஆன பிஞ்சுக் கன்றுக்கு அந்த வசதி இல்லை. கோடையில் வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அங்கே சிக்கல் பட்டினி அல்ல, திசுவே வெந்துபோவது. எதிர்முனையும் உண்டு. ஃபைக்கஸ் போன்ற வெப்பமண்டல மரங்களுக்கு 10 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் இருப்பதும் காயமே. குளிர்வண்டியில் ஆப்பிளோடு ஏற்றிவிட்டால் ஆப்பிளுக்குச் சுகமான குளிர் ஃபைக்கஸின் இலையைக் கறுக்கவைக்கும். குளிரைவிட மோசமான இன்னொன்றும் அந்த வண்டியில் இருக்கும்: எத்திலீன்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக்காக மண்ணுக்கடியில் நிலக்கரி வாயுக் குழாய்கள் போடப்பட்டிருந்தன. குழாய் கசிந்த இடங்களில் சாலையோர மரங்கள் காரணம் தெரியாமல் இலை உதிர்த்தன. புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் திமித்ரி நெல்யுபோவ் என்ற இளம் தாவரவியலாளர், ஆய்வகத்தில் வளர்ந்த பட்டாணி நாற்றுகள் மட்டும் குட்டையாகவும் தடித்தும் கிடைவாட்டில் வளைந்தும் வளர்வதைக் கவனித்து, விளக்கு வாயுவிலுள்ள எத்திலீனே அதற்குக் காரணம் என்று 1901இல் காட்டினார். செடியே இந்த வாயுவைத் தயாரிக்கிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. பழுக்கும் வாழையும் ஆப்பிளும் வெளிவிடுகின்றன. ஒடிந்த கிளை வெளிவிடுகிறது. அழுகும் இலை வெளிவிடுகிறது. வண்டிப் புகையிலும் இருக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே பல செடிகள் உணர்ந்துவிடும்.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய செல்களால் ஆன ஓர் உதிர்வு அடுக்கு உண்டு. ஆரோக்கியமான இலையிலிருந்து ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் காம்பு வழியாக இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும்வரை அந்த அடுக்கு அசையாது. இருட்டில் இலை தளர்ந்து ஆக்சின் வரத்து குறையும் நேரத்தில் எத்திலீனும் சேர்ந்தால், செல்சுவரைக் கரைக்கும் நொதிகள் அங்கே சுரக்கின்றன. பிறகு ஒரு சிறு அசைவு போதும், இலை கழன்றுவிடும். ஃபைக்கஸ் பெஞ்சமினா பெட்டியைத் திறந்ததும் கூடைகூடையாக இலை கொட்டுவதும், போகன்வில்லா வண்ணமிழந்து நிற்பதும், செம்பருத்தி மொட்டுகளை உதிர்ப்பதும் இதனால்தான். 1990களில் அமெரிக்காவின் வடகரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் கண்டறிந்த 1-மீதைல்சைக்ளோபுரோப்பீன், எத்திலீன் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியில் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. பெரிய ஏற்றுமதியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே ஒரு மரத்தை அனுப்புகிறவருக்கு அது தேவையில்லை. பழம், பூ, மொட்டு, ஒடிந்த கொப்பு, பழுத்த இலை ஆகியவற்றைக் கட்டுவதற்கு முன்பே கிள்ளி எடுத்துவிட்டால் பெட்டிக்குள் உருவாகும் எத்திலீனில் கணிசமான பகுதி குறைந்துவிடும்.

இலை உதிர்வுக்கு வெளிச்சத்தோடும் தொடர்புண்டு. முழு வெயிலில் விரிந்த இலை தடிமனானது, உயிர்வாழ அதிக வெளிச்சம் கேட்பது. நிழலில் விரிந்த இலை மெல்லியது, குறைந்த வெளிச்சத்திலும் வரவு செலவைச் சரிக்கட்டுவது. ஃப்ளோரிடாவின் அபொப்கா ஆய்வுமையத்தில் சார்லஸ் கானோவரும் ரிச்சர்ட் பூலும் 1970களில் செய்த தொடர் ஆய்வுகள், விற்பனைக்கு முன் சில வாரம் நிழல்வலைக்கடியில் வைத்து, உரத்தையும் குறைத்துப் பழக்கிய மரங்கள் வீட்டுக்குள் வந்தபின் மிகக் குறைவாக இலை உதிர்ப்பதை நிறுவின. இணையத்தில் ஆர்டர் வந்த அன்றே வெயிலில் நிற்கும் மரத்தைப் பிடுங்கிப் பெட்டியில் அடைக்கும் வழக்கம் இந்த அறிவுக்கு நேர் எதிரானது.

கட்டும் முறை

எட்டு அங்குலத் தொட்டியில் வளரும் எலுமிச்சங்கன்று ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மேல்மண்ணில் கிடக்கும் சருகையும் களையையும் நீக்கியபின், தொட்டியின் வாயளவுக்கு அட்டையில் வட்டம் வெட்டி, விளிம்பிலிருந்து நடுவரை ஒரு கீறல் போட்டு, அதைத் தண்டைச் சுற்றி நுழைத்து மண்மேல் அழுத்துகிறார்கள். தண்டு தொடும் இடத்தில் துணியோ கசக்கிய தாளோ வைக்கிறார்கள். அட்டையின் வெட்டுமுனை பட்டையைச் சீவிவிடும். பிறகு தொட்டியைப் பிளாஸ்டிக் பையில் இறக்கி, பையின் வாயைத் தண்டின் அடியில் சேர்த்துக் கட்டி, தொட்டியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுகிறார்கள். இப்போது தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் மண் கொட்டாது. கவிழ்த்துப் பார்த்தே அடுத்த வேலைக்குப் போவது நல்லது. பெட்டியின்மேல் அம்புக்குறி போட்டாலும் வழியில் யாரும் அதைப் படிப்பார்கள் என்று நம்புவதற்கில்லை.

கிளைகளைக் கீழிருந்து மேலாக அணைத்து, தாளைக் கூம்பாகச் சுற்றுகிறார்கள். கிளை எந்தத் திசையில் வளர்ந்ததோ அந்தத் திசையிலேயே மடங்க வேண்டும். மேலிருந்து கீழே அழுத்தினால் கவட்டில் கிழியும். எலுமிச்சையின் முள் தன் இலையையே குத்தாமல் இருக்கவும் இந்தத் தாள் உதவுகிறது. தண்டோடு ஒரு மூங்கில் குச்சியை நட்டு இரண்டு இடங்களில் தளர்வாகக் கட்டிவிட்டால் ஆட்டம் குறையும்.

பெட்டிக்குள் தொட்டி அசையவே கூடாது. கன்று சாவதற்குக் கிளை ஒடிவதைவிட வேர் அறுபடுவது பெரிய காரணம். தொட்டி ஒரு பக்கம் நிற்க மண்கட்டி மறுபக்கம் ஆடினால், நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் ஆயிரக்கணக்கில் அறுந்துபோகும். வெளியே எதுவும் தெரியாது. அடிப்பகுதியின் நான்கு மூலையிலும் அட்டை மடிப்புகளைச் செருகி, தொட்டியின் விளிம்புக்குமேல் குறுக்காக ஓர் அட்டைப்பட்டையைப் பெட்டிச் சுவரில் கோத்து ஒட்டினால் தொட்டி பெட்டியின் ஓர் அங்கமாகிவிடும். போன்சாய் அனுப்புகிறவர்கள் தொட்டியின் வடிதுளை வழியாகக் கம்பி கோத்து, வேர்க்கட்டியைத் தொட்டியோடும் தொட்டியைப் பெட்டியின் அடிப்பலகையோடும் பிணைத்துவிடுகிறார்கள். ஐம்பது வருடம் வளர்ந்த கிளை ஒன்று ஒடிந்தால் அதற்கு ஈடு கிடையாது.

பார்சல் பெட்டிகளைச் சோதிக்கும் ஐஸ்டா அமைப்பின் அடிப்படைச் சோதனையில், 10 கிலோவுக்குட்பட்ட பெட்டி 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடப்படுகிறது: ஒரு மூலை, மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள். இடுப்புயர மேசையிலிருந்து தவறி விழும் உயரம் அது. மரப் பெட்டிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நெளிவு அட்டை ஈரத்தைக் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டினால் சுமைதாங்கும் வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். உள்ளே ஈரமும் வெளியே மழையும் இருக்கும் காலத்தில் மூன்றடுக்கு அட்டை போதாது, ஐந்தடுக்கு வேண்டும். மேற்பகுதியில் நான்கைந்து துளைகள் போட்டால் வியர்வையும் எத்திலீனும் வெளியேறும்.

செலவில் பலரை ஏமாற்றுவது எடை அல்ல, இடம். கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.இல் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்வது வழக்கம். நீர்க்கணக்கில் பார்த்த பெட்டிக்கு அது 13.5 கிலோ. உள்ளிருக்கும் கன்றும் தொட்டியும் ஐந்து கிலோவைத் தாண்டாவிட்டாலும் கட்டணம் 13.5 கிலோவுக்குத்தான். பெரிய மரங்கள் பார்சலில் போகாமல் லாரியில் போவதற்கு இது ஒரு காரணம். ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம் நர்சரிகளிலிருந்து ஆளுயரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வேர்மண்ணோடு சாக்கில் கட்டப்பட்டு நாடு முழுக்க லாரியில் செல்கின்றன.

அனுப்பும் நாளும் முக்கியம். திங்கட்கிழமை அனுப்பினால் வார இறுதி விடுமுறையில் கிடங்கில் மாட்டாது. வெள்ளிக்கிழமை அனுப்பிய பெட்டி இரண்டு நாள் கூடுதலாக இருட்டில் கிடக்கும். கிடக்கும் நாள் கூடினால் தளிரும் வளைந்துவிடும். இளந்தண்டின் செல்களில் மாவுச்சத்து மணிகள் புவியீர்ப்பின் திசையில் படிந்து, தண்டுக்கு மேல் கீழ் உணர்த்துகின்றன. பெட்டி படுத்தே கிடந்தால் இளந்தளிர் சில மணி நேரத்தில் வளையத் தொடங்கி, நாள் கூடக்கூட அந்த வளைவிலேயே முற்றிவிடும்.

தூங்கும் மரம், மண்ணில்லா மரம்

இலையுதிர்ந்து உறங்கும் குளிர்நாட்டு மரங்களை அனுப்புவது எவ்வளவோ எளிது. இமாசலத்தில் ஆப்பிள் கன்றுகள் குளிர்காலத்தில் மண்ணை உதறி வெறும் வேராகவே விற்கப்படுகின்றன. இலை இல்லை, அதனால் நீரிழப்பு மிகக் குறைவு. குளிரில் சுவாசமும் மந்தம். வேர் காயாமல் ஈரப்பாசியிலோ நனைத்த தாளிலோ பொதிந்து பிளாஸ்டிக்கில் சுற்றினால் போதும். காற்றில் திறந்து வைத்தால் வேர்த்தூவிகள் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால் பிடுங்குவதும் பொதிவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். அமெரிக்காவில் 1913 ஜனவரி 1 அன்று அரசுத் தபால்துறை பார்சல் சேவையைத் தொடங்கியபின், தொலைவிலுள்ள பண்ணைவீடுகளுக்கும் கன்றுகள் தபாலில் போய்ச்சேருவது எளிதானது.

வெப்பமண்டல மரங்களுக்கு இந்த உறக்கம் இல்லை. ஆனால் சிலவற்றுக்குச் சொந்தக் கட்டுச்சோறு உண்டு. தென்னங்கன்று தேங்காயோடு இணைந்திருப்பதால் உணவும் ஈரமும் உள்ளிருந்தே கிடைக்கின்றன. மண்ணே இல்லாமல் பல நாள் தாங்கும். அடீனியம் பருத்த அடித்தண்டில் நீரைச் சேர்த்துவைத்திருப்பதால், மண்ணை உதறி, வேரின் காயங்கள் ஆறும்வரை நிழலில் உலர்த்தி, தாளில் சுற்றி அனுப்பப்படுகிறது. அதை ஈரப்பாசியில் பொதிந்தால்தான் கெடும். மா, சப்போட்டா, பலா போன்றவை தாய்மண்ணை விட்டுப் பிரிந்தால் பிழைப்பது கடினம். அவற்றைத் தொட்டியோடுதான் அனுப்ப வேண்டும்.

மண்ணோடு வருபவை

தாய்மண் மரத்துக்கு நல்லது; போய்ச்சேரும் ஊருக்கு அது ஆபத்தாகலாம். டோக்கியோ நகரம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் பரிசாக அனுப்பிய 2,000 செர்ரி மரங்கள் 1910 ஜனவரியில் வந்திறங்கின. பரிசோதித்த வேளாண்துறை அதிகாரிகள் வேரில் நூற்புழுவும் தண்டில் பூச்சியும் கண்டார்கள். அதிபர் டாஃப்ட்டின் ஒப்புதலோடு ஜனவரி 28 அன்று அத்தனை மரங்களும் எரிக்கப்பட்டன. நட்பு கெடாமல் இரு நாடுகளும் அதைக் கையாண்டது பாராட்டுக்குரியது. தனிக்கவனத்தோடு புதிதாக ஒட்டுக்கட்டி வளர்த்த 3,020 மரங்களை ஜப்பான் மறுபடி அனுப்ப, 1912 மார்ச் 27 அன்று நடுகை தொடங்கியது. அதே 1912இல்தான் அமெரிக்காவில் தாவரத் தொற்றுக்காப்புச் சட்டம் வந்தது. 1919 முதல் மண்ணோடு கூடிய செடிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. வார்டு பெட்டியின் காலம் முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். மண் நிரம்பிய அந்தப் பெட்டிகள் தேயிலையையும் ரப்பரையும் சுமந்ததைப் போலவே பூச்சியையும் பூஞ்சணத்தையும் சுமந்திருந்தன.

மண்ணில் என்ன ஒளிந்திருக்கும் என்பதை ஊட்டி உருளைக்கிழங்கு விவசாயிகள் நன்கு அறிவார்கள். வேரைத் தாக்கும் தங்கநிற நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. பெண்புழு செத்தபின் அதன் உடலே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும் கடினமான கூடாகிவிடுகிறது. குண்டூசித் தலையைவிடச் சிறிய அந்தக் கூடு பயிரே இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஒரு பிடி மண்ணில் அதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இன்று நாடுவிட்டு நாடு போகும் மரத்துக்கு, ஏற்றுமதி செய்யும் நாட்டின் அதிகாரி பரிசோதித்துத் தரும் தாவரநலச் சான்று வேண்டும். இந்தியாவுக்குள் வரும் செடிகளுக்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்பு ஆணை பொருந்தும். அவை மண் இல்லாமல் வர வேண்டும். கட்டும் மரச்சட்டத்துக்கும் விதி உண்டு: பொதுவாக, பலகையின் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததைக் காட்டும் முத்திரை வேண்டும். மண்ணுக்கு மாற்றாகத் தென்னைநார்க் கழிவு உலகெங்கும் பரவியதில் பொள்ளாச்சிக்குப் பெரும்பங்கு உண்டு. நார் எடுத்தபின் மலைபோல் குவிந்து கிடந்த இந்தத் துகள் இன்று கழுவி, காயவைத்து, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. தன் எடையைப் போல் எட்டு மடங்குவரை நீர் பிடிப்பதோடு காற்றுக்கும் இடம் விடுவதால், பெட்டிக்குள் அடைபடும் வேருக்கு இதைவிட ஏற்ற படுக்கை அரிது.

வந்துசேர்ந்தபின்

பெட்டியை வந்த அன்றே திறக்க வேண்டும். மரத்தை நேராக வெயிலில் வைப்பது பலர் செய்யும் தவறு. இருட்டில் இருந்த இலைக்குத் திடீர் வெயிலைப் பயன்படுத்தும் திறன் குறைந்திருக்கும். மிஞ்சிய ஒளி பச்சையத்தையே சிதைத்து இலையை வெளுக்கவைக்கும். முதல் வாரம் காற்றோட்டமுள்ள நிழல், அடுத்த வாரம் காலை வெயில், பிறகு முழு வெயில் என்று படிப்படியாகப் பழக்க வேண்டும். மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டு செ.மீ. ஆழம்வரை காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். உரம் கூடவே கூடாது. அறுபட்ட வேர் உப்பைத் தாங்காது.

இலை கொட்டுவதைக் கண்டு மரம் செத்துவிட்டது என்று தூக்கியெறிய வேண்டாம். நகத்தால் தண்டின் பட்டையை லேசாகச் சுரண்டும்போது அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் பழுப்பாக இருந்தால் சற்றுக் கீழே சுரண்டிப் பார்த்து, பச்சை தொடங்கும் இடத்துக்கு மேலே வெட்டிவிடலாம். உதிர்ந்த காம்புகளின் கக்கத்திலுள்ள மொட்டுகள் இரண்டு முதல் ஆறு வாரத்தில் துளிர்க்கும். அந்தத் துளிர்கள் முழு இலையாக விரிந்து பச்சை ஏறும்வரை தொட்டி மாற்றக் கூடாது. அதன்பின் மாற்றும்போதும் பழைய மண்கட்டியை உடைக்காமல், ஓர் அங்குலம் பெரிய தொட்டியில் அப்படியே இறக்கிச் சுற்றிலும் புதுக் கலவையை நிரப்ப வேண்டும். உரத்தை அதற்கும் ஒரு மாதம் கழித்து, பாதி அளவில் தொடங்கலாம்.